55 அங்குலத் தொலைக்காட்சியைத் தாம்பரத்திலிருந்து திருநெல்வேலிக்குச் சேதமின்றிக் கொண்டுசெல்வது எப்படி?

தாம்பரம்வாசி:
வணக்கம். பணி மாற்றத்தால் இம்மாத இறுதியில் திருநெல்வேலிக்குக் குடிபெயர்கிறோம். எங்களுடைய 55 அங்குல எல்இடி தொலைக்காட்சியுடன் வந்த அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் இடமில்லை என்று அப்போதே போட்டுவிட்டோம். மற்ற சாமான்கள் லாரியில் செல்கின்றன. தொலைக்காட்சியை மட்டும் காரின் பின் இருக்கையை மடக்கி, மெத்தை விரித்துப் படுக்கவைத்துக் கொண்டுசெல்வதே பாதுகாப்பு என்கிறார் என் மைத்துனர். வீடு அமையும் வரை நான்கைந்து மாதங்கள் அது என் பெற்றோர் வீட்டுப் பின்னறையில் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் அந்த அறைச் சுவரில் ஈரம் இறங்கும் என்பதே என் பெரிய கவலை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழுதுநீக்குநர்:
ஐயா, தயவுசெய்து படுக்கவைக்காதீர்கள். இருபது ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கிறேன். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல், மின்சாரம் கொடுத்ததும் திரை முழுவதும் கோடுகளாகத் தெரிந்த பெட்டிகளை எத்தனையோ முறை பார்த்து வருந்தியிருக்கிறேன். திரையின் கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாதது. அதை ஓரங்களில் உள்ள சட்டமே பிடித்திருக்கிறது. நிமிர்ந்து நிற்கும்போது எடை கீழ் விளிம்பில் இறங்கும். படுக்கவைத்தாலோ நடுப்பகுதி தொய்ந்து, ஒவ்வொரு வேகத்தடையிலும் மேலும் வளையும். குப்புற வைத்தால் பெட்டியின் எடை முழுவதும் கண்ணாடியின் மேல்தான். பேனலை, அதாவது திரைப் பகுதியை, மாற்றும் செலவு பெரும்பாலும் புதிய பெட்டியின் விலையை நெருங்கிவிடும். உடைப்புக்கு வாரண்டியும் பொதுவாகப் பொருந்தாது.

55 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. திரையின் அகலம் ஏறத்தாழ 122 செ.மீ., உயரம் 69 செ.மீ. சிறிய காரில் நிமிர்த்தி வைப்பது கடினம் என்பதால் லாரியே நல்லது. அருகிலுள்ள கடையில் அதே அளவுள்ள காலி அட்டைப்பெட்டி கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால், கால்களைக் கழற்றி, தொலைக்காட்சியை மெல்லிய பருத்தி விரிப்பால் சுற்றி, திரை முழுவதையும் மூடும் அளவில் ஒரே தெர்மாகோல் பலகை வைத்து, அதற்கு வெளியே கெட்டி அட்டையால் மூடுங்கள். குமிழி உறையை நேரடியாகத் திரைமேல் இறுக்கிச் சுற்ற வேண்டாம். கயிறும் திரையின் நடுவே அழுந்தக் கூடாது. லாரியில் நிமிர்ந்து நிற்கும் மெத்தைக்கும் பக்கச் சுவருக்கும் இடையே, திரை மெத்தையை நோக்கியிருக்குமாறு செருகுங்கள். பீரோவின் கைப்பிடியோ மேசைக் காலோ அப்பக்கம் வரவே கூடாது. தூக்குவதற்கு எப்போதும் இருவர் வேண்டும்.

குமரிப்பெண்:
அண்ணா, ஈர அறையைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் பெட்டியைத் தரையில் வைத்து, பாலித்தீனால் காற்றுப் புகாமல் கட்டிவைத்திருந்தோம். மூன்று மாதம் கழித்துத் திறந்தபோது உள்ளே நீர்த்துளிகள் பூத்திருந்தன, அட்டையின் அடியில் கரையான் ஏறியிருந்தது. ஆகவே, முடிந்தால் உள்ளறையிலேயே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மரப்பலகை மேல் நிமிர்த்தி வையுங்கள். துணியால் மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு, அவ்வப்போது மாற்றினால் போதும். பின்புறக் காற்றுத் துளைகள் வழியாகப் பல்லி நுழையாதபடி துணி முழுவதும் மூடியிருக்கட்டும். பூச்சிக்காக நாப்தலீன் உருண்டை போட வேண்டாம். அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். ரிமோட்டின் பேட்டரிகளையும் கழற்றிவிடுங்கள். இல்லையெனில் கசிந்து உள்ளே அரித்துவிடும்.

தாம்பரம்வாசி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. லாரியிலேயே நிமிர்த்திக் கொண்டுசெல்ல முடிவுசெய்தேன். அம்மாவும் கூடத்தின் மூலையில் இடம் ஒதுக்கித் தருவதாகச் சொல்லிவிட்டார். சுவரில் மாட்டும் சட்டத்தின் திருகுகள் தொலைந்தால் வெளியில் வாங்கிக்கொள்ளலாமா?

பழுதுநீக்குநர்:
தொலைக்காமல் பார்த்துக்கொள்வதே நல்லது. நீளம் கூடிய திருகை முடுக்கினால் அது உள்ளேயிருக்கும் மின்சுற்றுப் பலகையைக் குத்திவிடும். கழற்றியவுடன் ஒரு சிறு பையில் போட்டு, சட்டத்துடனேயே கட்டிவிடுங்கள். மீண்டும் மாட்டும் நாளில், ஈரம் முழுவதும் உலர்வதற்காக, வெளியே எடுத்து ஓரிரு மணி நேரம் காற்றாட நிறுத்திய பின்னரே மின்சாரம் கொடுங்கள்.