ரிங்லெட் குளிரில் விரல் மடங்கவில்லை, அவசரம்

புதிதாக வந்தவன், ரிங்லெட்
எல்லாருக்கும் வணக்கம். ராமநாதபுரம் பக்கம் நம் ஊர். மலேசியாவில் கேமரன் மலையில், ரிங்லெட் என்ற ஊரில் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. அடைமழை தொடங்கியதிலிருந்து காலையில் எழுந்தால் மூட்டெல்லாம் இறுகிக் கிடக்கிறது. இன்று கத்திரியைப் பிடிக்கவே முடியவில்லை. மண்டோர், அதாவது மேஸ்திரி, எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். நாளையும் போகாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. ஏஜெண்டுக்காக வாங்கிய கடன் பாதி அப்படியே நிற்கிறது. இந்தக் குளிருக்கு என்ன செய்வது? சீக்கிரம் சொல்லுங்கள்.

தாப்பா லோரி அண்ணன்
தம்பி, மலேசியா என்றால் வெயில் என்று நம்பி ஒரு போர்வைகூட இல்லாமல் வந்திருப்பாய். நான் 1996இல் வந்தபோது அப்படித்தான். பிரிஞ்சாங்கில் காய்கறித் தோட்டம், பலகை மேல் படுக்கை. முதல் மூன்று மாதம் உரச்சாக்கைப் பிரித்துப் போர்த்திக்கொண்டு தூங்கினேன். ராத்திரி பல் கிட்டிப்போகும். யாரிடமும் சொல்ல முடியாது, மொழி தெரியாது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் பணம் அனுப்பாமல் கம்பளி வாங்கினேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. நீ பழைய துணி விற்கும் பண்டல் கடைக்குப் போ. பழைய ஸ்வெட்டர் பத்துப் பதினைந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும். இரண்டு வாங்கு, ஒன்று நனைந்தால் மாற்ற வேண்டும். முதலில் அதைச் செய்.

லயத்து வீட்டு அக்கா
நான் இங்கேயே பிறந்தவள். அம்மா முப்பது வருடம் கொழுந்து எடுத்தார். 1978இல் இந்த மலையில் 7.8 டிகிரிக்கு இறங்கியது, அந்த நாளை அம்மா கடைசி வரை சொல்வார். தம்பி, விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளிக்காதே. ராத்திரி நல்லெண்ணெயைக் காய்ச்சிக் கற்பூரம் போட்டுத் தேய், இல்லாவிட்டால் கோடாலித் தைலம். மிளகு ரசம் குடி. இரண்டு நாள் கையை அசைக்காமல் ஓய்வு கொடு, சரியாகிவிடும்.

ஈப்போவில் இருப்பவன்
அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம், ஓய்வு கொடுத்தால் இன்னும் இறுகும். நான் பிரிஞ்சாங்கில் ஹோட்டல் வேலை பார்த்த வருடம் முட்டி பிடித்துக்கொண்டது. எழுந்ததும் படுக்கையிலேயே இருபது தடவை மடக்கி நீட்டுவேன், வெந்நீரில் கை வைப்பேன், அப்புறம்தான் தரையில் கால். தைலம் தோலைச் சூடாக்கும், அவ்வளவுதான்.

லயத்து வீட்டு அக்கா
எங்கள் அம்மா எண்பது வயது வரை நடந்தது அந்தத் தைலத்தில்தான்.

கூலிம்காரர்
குளிரைச் சொல்லி என்ன பயன். பழைய தோட்டங்களில் மருந்து கொடுக்க டிரசர் இருந்தார், ராத்திரி எத்தனை மணிக்குத் தட்டினாலும் கதவு திறக்கும். இப்போது தகரக் கூரை ஒழுகுகிறது என்று சொன்னால்கூட யாரும் வருவதில்லை. எனக்கு ஏஜெண்ட் சொன்ன சம்பளம் ஒன்று, கைக்கு வந்தது வேறு. போர்வைக்குக்கூடச் சம்பளத்தில் பிடித்தார்கள்.

தாப்பா லோரி அண்ணன்
என் பாஸ்போர்ட்டை இரண்டு வருடம் முதலாளி பெட்டியில் வைத்திருந்தார். அது சட்ட விரோதம் என்றுகூட அன்று எனக்குத் தெரியாது. அப்பா செத்தபோது போக முடியவில்லை.

கூலிம்காரர்
இதையெல்லாம் ஊரில் சொன்னால் யார் நம்புகிறார்கள்?

மருந்துக்கடையில் வேலை செய்பவள், தானா ராத்தா
எல்லாரும் கொஞ்சம் பொறுங்கள், தம்பிக்கு நாளை காலை வேலை. தம்பி, நீ எதையுமே முழுதாகச் சொல்லவில்லை. வயது என்ன? எந்த மூட்டு, ஒரு கையா இரண்டு கையுமா? வீக்கம் உண்டா? எழுந்து எவ்வளவு நேரம் கழித்து இளகுகிறது? காய்ச்சல் உண்டா? ஏற்கெனவே ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா?

புதிதாக வந்தவன், ரிங்லெட்
வயது 34 அக்கா. காய்ச்சல் இல்லை. இரண்டு கையிலும் விரல் கணு வீங்கியிருக்கிறது, மணிக்கட்டும். ஒன்பது மணி தாண்டினால்தான் இளகும். ஊரிலேயே லேசாக இருந்தது, மெடிக்கல் பரிசோதனையில் சொன்னால் அனுப்ப மாட்டார்கள் என்று மறைத்துவிட்டேன். இங்கே பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வேர் மருந்து காப்ஸ்யூல் வாங்கி மூன்று மாதம் சாப்பிட்டேன். முதல் நாளே வலி போய்விட்டது. போன வாரம் தீர்ந்துவிட்டது, அந்தக் கடைக்காரர் மழையில் வரவில்லை. அதிலிருந்துதான் இப்படி.

மருந்துக்கடையில் வேலை செய்பவள், தானா ராத்தா
தம்பி, இதைத்தான் நீ முதலில் சொல்லியிருக்க வேண்டும். முகம் உப்பியிருக்கிறதா?

புதிதாக வந்தவன், ரிங்லெட்
வீடியோவில் பார்த்து, மலேசியா சாப்பாடு ஒத்துக்கொண்டது என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்கள்.

மருந்துக்கடையில் வேலை செய்பவள், தானா ராத்தா
அப்படியானால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். முதல் நாளே வலியை விரட்டும் வேர் மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே பல தடவை பிடித்து எச்சரித்திருக்கிறது. மாதக்கணக்கில் சாப்பிட்டால் உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்துவிடும். திடீரென்று நிறுத்தினால் வலி திரும்புவது மட்டுமில்லை, சோர்வு, வாந்தி, தலைசுற்றல், மயக்கம் வரலாம். இதில் ஏதாவது இன்று ராத்திரி வந்தால் விடியும் வரை காத்திருக்காதே, அவசரப் பிரிவுக்குப் போ. மீண்டும் அந்தக் காப்ஸ்யூலைத் தேடிப் போகவும் வேண்டாம். பதிவு பெற்ற மருந்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும், ஆனால் பொய் எண் அச்சடிப்பவர்களும் உண்டு.

குளிரில் தசை இறுகும், மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவமும் கெட்டிப்படும், அதனால் இருக்கும் வலி கூடும். லயத்து வீட்டு அக்காவின் தைலத்தையும் ஈப்போ தம்பியின் வெந்நீரையும் நான் தள்ளவில்லை, இரண்டும் இதம் தரும். ஆனால் இரண்டு கையிலும் கணு வீங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகி நின்றால் அது முடக்கு வாதமாக இருக்கலாம். சீக்கிரம் மருந்து தொடங்கினால் விரல் கோணாமல் காப்பாற்றலாம். தானா ராத்தாவில் சுல்தானா ஹஜா கல்சோம் அரசு மருத்துவமனை இருக்கிறது. காலி பாட்டில் இருந்தால் எடுத்துப் போ, எத்தனை மாதம், தினம் எத்தனை என்று மறைக்காமல் சொல். பாஸ்போர்ட், பெர்மிட் அட்டை கையில் இருக்கட்டும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம், காசு கொஞ்சம் கூடுதலாக வை.

வலிக்கு இப்போதைக்கு பனடோல் (பாராசிட்டமால்) போதும், 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது. ஐபுபுரூஃபன், டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரை எல்லாம் டாக்டர் சொன்ன பிறகு. காய்ச்சலோடு மூட்டு வலி வந்தால் டெங்கியாக இருக்கலாம், அப்போது அவை ஆபத்து. இதைப் படிக்கும் மற்றவர்களும் நினைவில் வையுங்கள்.

ஈப்போவில் இருப்பவன்
வேலையைப் பற்றி நான் சொல்கிறேன். 1955 வேலைச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கும் வருடத்துக்கு 14 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. வெளிநாட்டவருக்கும் அதுதான். டாக்டரிடம் எம்சி, அதாவது மருத்துவச் சான்றிதழ், கேட்டு வாங்கு. 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், அதனால் இன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுது, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை.

லயத்து வீட்டு அக்கா
தம்பி, ராத்திரி தனியாகப் படுக்காதே. பக்கத்து அறையில் யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்.

புதிதாக வந்தவன், ரிங்லெட்
கூட இருக்கும் நேபாளத்து அண்ணனிடம் சொல்லிவிட்டேன். மண்டோருக்கும் செய்தி போட்டாயிற்று, பார்த்துவிட்டார், பதில் இல்லை. பாட்டிலைக் குப்பையிலிருந்து எடுத்துக் கழுவாமல் பையில் வைத்திருக்கிறேன். காலையில் எப்படிப் போவது என்றுதான் தெரியவில்லை.

தாப்பா லோரி அண்ணன்
நாளை நான் காய்கறி ஏற்ற மேலே வருகிறேன். ஏழரைக்கு ரிங்லெட் மெயின் ரோட்டில், கடை வரிசைக்கு முன்னால் நில். நீல லோரி. ஸ்வெட்டர் ஒன்று கொண்டு வருகிறேன், உன் அளவு என்ன?