கூடையில் போடுகிறார்கள், பணம் கட்டாமல் போய்விடுகிறார்கள்

தேக்கா_நூல்:
வணக்கம். சிங்கப்பூருக்குள் மட்டும் புடவை விற்கும் இணையக் கடை. போன மாதம் 2,000 பேர் வந்தார்கள், 150 பேர் கூடையில் போட்டார்கள், வாங்கியது 12 பேர்தான். தீபாவளிக்குள் முகப்பைப் புதிதாக்கி, பெரிய படங்கள், நகரும் பதாகை எல்லாம் வைக்கலாம் என்று இருக்கிறேன். இப்போது கணக்கு தொடங்கினால்தான் வாங்க முடியும். அனுப்பும் கட்டணம் 5 வெள்ளி, கடைசிப் பக்கத்தில் சேரும். பேநவ் (வங்கிக் கணக்குக்கு உடனே பணம் அனுப்பும் சேவை) கியூஆர் படம் ஒன்று இருக்கிறது. பணம் அனுப்பியவர்கள் வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் அனுப்ப வேண்டும். எதை முதலில் மாற்றுவது?

பொங்கோல்_நிரலர்:
முகப்பைத் தொடாதீர்கள். கூடையில் போட்ட 150 பேருக்குப் புடவையும் விலையும் பிடித்துவிட்டது. அதில் 138 பேரை விரட்டியது கூடைக்கு அப்புறம் வரும் பக்கங்கள்.

கட்டாயக் கணக்கை இன்றைக்கே எடுங்கள். கடவுச்சொல்லை நன்றிப் பக்கத்தில் கேட்டுக்கொள்ளலாம், விரும்புகிறவர்கள் தருவார்கள். 5 வெள்ளியைப் புடவைப் பக்கத்தில் விலைக்குக் கீழேயே எழுதுங்கள்.

முகவரியில் அஞ்சல் குறியீட்டை முதலில் கேளுங்கள். இங்கே 6 இலக்கம் கட்டடத்தையே காட்டிக்கொடுக்கும். ஒன்மேப் (சிங்கப்பூர் அரசின் இணைய வரைபடம்) தேடலோடு இணைத்தால் புளோக் எண்ணும் சாலைப் பெயரும் தானாக நிரம்பும். வாங்குபவர் மாடியும் வீட்டு எண்ணும் மட்டும் தட்டினால் போதும். அடுக்குமாடி அல்லாத தரைவீட்டுக்கு அந்த மாடி-வீட்டு எண் கிடையாது, ஆகவே அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்க வேண்டாம். குறியீட்டை எண்ணாகச் சேமிப்பதுதான் பலர் செய்யும் தவறு: மரினா பே சேண்ட்சின் 018956, முன்சுழியம் உதிர்ந்து 18956 ஆகி, 'தவறான குறியீடு' என்று திரும்பிவரும். எழுத்தாகவே சேமியுங்கள்.

பெயருக்கு ஒரே கட்டம். குடும்பப் பெயரைத் தனியாகக் கேட்டால் நம்மவர்கள் தலைப்பெழுத்தைப் போடுவார்கள், படிவம் 'குறைந்தது 2 எழுத்து' என்று மறுக்கும். கட்டங்களின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தாலும் தொல்லை: ஐஃபோனில் விரல் பட்டதும் பக்கம் பெரிதாகி, 'தொடர்க' பட்டன் திரைக்கு வெளியே போய்விடும்.

பேநவ்தான் உங்கள் பெரிய ஓட்டை. கைத்தொலைபேசியில் வாங்குபவர் தன் திரையில் உள்ள கியூஆரைத் தானே ஸ்கேன் செய்ய முடியாது. 'படத்தைச் சேமி' என்று ஒரு பட்டன் வையுங்கள். சேமித்த படத்தை வங்கிச் செயலிக்குள் திறந்து கட்டலாம் என்று பக்கத்திலேயே ஒரு வரி. அதைவிட, ஒவ்வோர் ஆர்டருக்கும் தொகையும் ஆர்டர் எண்ணும் உள்ளே பதிந்த தனிக் கியூஆரைக் கட்டணச் சேவை நிறுவனம் வழியாக உருவாக்குவதே சரி. பணம் வந்ததும் ஆர்டர் தானாக உறுதியாகும். ஸ்கிரீன்ஷாட்டைத் திருத்துவது எளிது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் 89 வெள்ளி அனுப்பினால் யாருடையது எது என்றும் தெரியாது. ஒரே ஒரு புடவை இருப்பில் இருந்தால், கட்டி முடிக்க 15 நிமிடம் அதை அவருக்காக ஒதுக்கிவையுங்கள்.

கரை_முந்தானை:
அவர் சொன்னது சரி. அது முடிந்ததும் புடவைப் பக்கத்துக்கு வாருங்கள். படம் ஐந்து வேண்டும்: முந்தானை விரித்தபடி, கரை கிட்டத்தில் (பக்கத்தில் ஒரு கை இருந்தால் அகலம் புரியும்), உடல், ரவிக்கைத் துணி, ஒருவர் கட்டியிருப்பது. கடை விளக்கில் அரக்கும் மாம்பழ மஞ்சளும் நிறம் மாறிவிடும், 'படத்தில் வேறு நிறம்' என்று திருப்பிக் கொண்டுவருவார்கள். சன்னலோரப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளை வைத்து நிறத்தைச் சரிசெய்து எடுங்கள். 1,200 பிக்சல் அகலம், வெப்பி (WebP) என்ற படக்கோப்பு வடிவம், 200 கேபிக்குள்.

வார்த்தையில் சொல்ல வேண்டியவை: நீளம் (5.5 மீட்டரா, கூடவா), ரவிக்கைத் துணி 80 செ.மீ. சேர்ந்தே இருக்கிறதா, ஃபால்ஸ் தைத்தாயிற்றா, சுத்தப் பட்டா கலப்பா. கலப்பைப் 'பட்டு' என்று மட்டும் எழுதவே எழுதாதீர்கள். அது வாங்குபவரை ஏமாற்றுவது.

தேக்கா_நூல்:
மிக்க நன்றி. பொருள் சேவை வரி 9 விழுக்காட்டைக் கடைசியில் தனியாகச் சேர்க்கலாமா?

கரை_முந்தானை:
கூடாது. வரிக்குப் பதிவு செய்யாத கடை அதை வசூலிக்கவே முடியாது. ஆண்டு விற்பனை ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டும்போதுதான் பதிவு கட்டாயம். பதிவு செய்திருந்தால், காட்டும் விலையிலேயே வரி அடங்கியிருக்க வேண்டும்.

பொங்கோல்_நிரலர்:
ஒன்று விட்டுப்போச்சு. மாதம் 12 ஆர்டரை வைத்து பக்கத்தின் இரண்டு வடிவங்களை ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள், அந்த எண்ணிக்கையில் எதுவும் தெரியாது. கடையைப் பார்த்தே இராத ஐந்து பேரிடம், அவரவர் கைத்தொலைபேசியில், ஒரு புடவையைப் பணம் கட்டும் பக்கம் வரை கொண்டுபோகச் சொல்லுங்கள். நடுவில் உதவாதீர்கள். விரல் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.