டிராக்டர் மெக்கானிக் ஐடிஐயா, டிப்ளமோவா, வேளாண் பொறியியல் பட்டமா? சேலம், ஏற்காடு பக்கம் எது வேலைக்கு ஆகும்?

பேளூர்க்காரன்

எல்லாருக்கும் வணக்கம். தம்பி பத்தாவது பாஸ் பண்ணிட்டான். கணக்கு சுமார், ஆனா எஞ்சின், மோட்டார்னா விட்டு எந்திரிக்க மாட்டான். ஐடிஐயில டிராக்டர் மெக்கானிக் ஒரு வருஷம்தான்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. பிளஸ் டூ முடிச்சு வேளாண் பொறியியல் படிக்க வைன்னு மாமா சொல்றார். வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கமோ ஏற்காட்டிலயோ வேலை கிடைக்கணும், இல்லன்னா சொந்தமா பட்டறை போடணும். எந்த வழியில போறது? எந்த வேலை கத்துக்கிட்டா ஆளுங்க தேடி வருவாங்க?

ஓமலூர் பட்டறை

ஐடிஐயில ரெண்டு டிரேடு இருக்குங்க, பேர் ஒண்ணு மாதிரியே இருக்கறதால பலர் மாத்திச் சேர்ந்துடறாங்க. 'மெக்கானிக் டிராக்டர்' ஒரு வருஷம். 'மெக்கானிக் அக்ரிகல்சுரல் மெஷினரி' ரெண்டு வருஷம். ரெண்டுக்கும் பத்தாவது போதும். ரெண்டு வருஷ ஐடிஐ முடிச்சவங்க பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருஷம் சேரலாம், அங்கிருந்து பி.இ. ரெண்டாம் வருஷத்துக்கும் போகலாம். ஒரு வருஷ டிரேடுக்கு அந்த வழி கிடையாது. கணக்கு சுமார்னு இப்பவே முடிவு கட்டாதீங்க, பதினெட்டு வயசுல படிக்கணும்னு அவனுக்கே தோணலாம். அதனால என் ஓட்டு ரெண்டு வருஷ டிரேடுக்குத்தான். பணம் கட்டறதுக்கு முன்னாடி அந்த ஐடிஐயில அந்த டிரேடுக்கு மத்திய அரசு அங்கீகாரம் (என்.சி.வி.டி.ன்னு சொல்வாங்க) இருக்கான்னு பாருங்க. அப்புறம் ஒர்க்‌ஷாப்புக்குள்ள போய், பிரிச்சுப் போட்ட எஞ்சின் ஒண்ணாவது மேஜை மேல இருக்கான்னு பாருங்க. பெயின்ட் அடிச்சு கண்காட்சிக்கு வச்ச மாதிரி இருந்தா அங்க கை அழுக்காகாது.

கீழ சமவெளியில ஆளுங்க தேடி வர்ற வேலைன்னா ரோட்டவேட்டரும் (மண்ணைப் பொடியாக்கற சுழல் கலப்பை) ஹைட்ராலிக்கும்தான் (அதைத் தூக்கி இறக்கற எண்ணெய் அழுத்த அமைப்பு). பி.டி.ஓ. (டிராக்டர் எஞ்சின் சக்தியைப் பின்னால கருவிக்குக் கொடுக்கற சுழல் தண்டு) ஓடிக்கிட்டு இருக்கும்போதே வரப்போரத்துல ரோட்டவேட்டரை உசரத் தூக்குவாங்க. ரெண்டையும் இணைக்கற ஷாஃப்ட்டோட கோணம் எகிறி, மூட்டுல இருக்கற சிலுவை மாதிரியான கிராஸ் உடையும். உடைஞ்ச கிராஸை மட்டும் மாத்தி அனுப்பினா ரெண்டு வாரத்துல அதே வண்டி திரும்ப வந்து நிக்கும். ஷாஃப்டை முழுசாப் பார்க்கணும். ரெண்டு முனையிலும் உள்குழாய், வெளிக்குழாயோட சேர்ந்த கவை (கிராஸைப் பிடிக்கற கவட்டை) ஒரே நேர்ல இருக்கணும். கால் சுத்து திருப்பி மாட்டிட்டா 540 ஆர்.பி.எம்.-ல அதிர்ந்து கியர்பாக்ஸ் சீல் கிழிஞ்சு ஆயில் ஒழுகும். ரெண்டு குழாயும் எந்த நிலையிலும் குறைஞ்சது மூணுல ஒரு பங்கு ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருக்கணும். ஷாஃப்ட் மட்டமா நிக்கும்போதுதான் இடம் ரொம்பக் குறுகும், அப்பவும் குழாய் உள்ள போய் முட்டக் கூடாது. முட்டினா அந்தத் தள்ளு நேரா டிராக்டர் பேரிங் மேல விழும். வண்டியை நிறுத்தி, மேல, மட்டம், கீழன்னு மூணு நிலையிலும் தூக்கி இறக்கி, டேப் வச்சு அளந்து பார்க்கிற பையனுக்கு வேலை தேடி அலைய வேண்டியதே இல்ல.

மலைத்தோட்டம்

ஏற்காடுன்னு எழுதியிருக்கீங்க, அதனால இது. மேல டிராக்டர் வேலை சொற்பம். காபியும் மிளகும் சில்வர் ஓக்கும் சரிவுல நிக்குது. பல்ப்பர் (காபிப் பழத்தோலை உரிக்கிற மெஷின்), பம்ப் செட், பிரஷ் கட்டர், மரம் கழிக்கிற ரம்பம், பவர் ஸ்ப்ரேயர், இதுதான் இங்க தொழில். எந்த ஐடிஐ பாடத்துலயும் பல்ப்பர் வராது, தோட்டத்துலதான் கத்துக்கணும்.

பல்ப்பர்ல சூட்சுமம் எல்லாம் டிரம்முக்கும் எதிர்த் தகட்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியிலதான். இறுக்கமா வச்சா பருப்புல வெட்டு விழும். வெட்டுப்பட்ட பருப்பு ஊறப்போடும்போது புளிச்சு நிறம் மாறி, குடிக்கும்போது ருசியைக் கெடுத்துடும். தளர்வா வச்சா பழம் உரியாமலேயே வெளியே வரும், தோலும் பார்ச்மென்ட்டோட (பழத்தோல் உரிஞ்சு, உள்ஓட்டோட இருக்கற பருப்பு) கலந்து போகும். ஒரு படி பழத்தை ஓட விட்டு, வெளியே வர்றதைக் கையில அள்ளிப் பரப்பிப் பாருங்க. வெட்டுப்பட்டது தெரிஞ்சா கொஞ்சம் தளர்த்தணும், உரியாதது தெரிஞ்சா இறுக்கணும். சீசன் ஆரம்பத்துல ஒரு தடவை வச்சதோட விட்டுடக் கூடாது. பழத்தோட அளவு பறிப்புக்குப் பறிப்பு மாறும், பெருசையும் சிறுசையும் சலிச்சுப் பிரிக்காம ஒண்ணாப் போட்டா எந்த இடைவெளியும் சரி வராது. டிரம்மைச் சுத்தின செம்புத் தகட்டுல மேடு தேய்ஞ்சிருந்தா, எவ்வளவு திருகினாலும் பிரயோஜனம் இல்ல, தகட்டை மாத்தணும்.

இன்னொண்ணு, கீழ இருந்து வர்ற மெக்கானிக்குங்க சறுக்குற இடம். சேலம் டவுன் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். காத்தழுத்தம் குறையறதால பம்ப் உறிஞ்சற ஆழம் கீழ இருக்கறதை விட ஒன்றரை மீட்டர் வரைக்கும் குறையும். கீழ 6 மீட்டர் உறிஞ்சின அதே மோனோபிளாக் பம்ப் (மோட்டாரும் பம்பும் ஒண்ணா இருக்கறது), மேல நாலரையிலயே தடுமாறும். உள்ள சுத்தற இம்பெல்லர் சக்கரம் கெட்டுப் போச்சுன்னு கழட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. பம்பைத் தண்ணிக்குப் பக்கத்துல இறக்கி வச்சா முடிஞ்சது. டர்போ இல்லாத எஞ்சினுக்கும் அப்படித்தான், ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3 சதவீதம் சக்தி போகும். கீழ சரியாப் பொருந்தற குதிரைத்திறன் மேல பத்தாது.

பேளூர்க்காரன்

ரொம்ப நன்றிங்கண்ணா ரெண்டு பேருக்கும். சொட்டுநீர் கம்பெனிங்க நிறைய ஆள் எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். அதுக்கு டிப்ளமோ வேணுமா? மாமா சொல்ற பட்டப்படிப்புக்கு அரசு வேலை கிடைக்குமா?

நீரும் நிலமும்

மாமா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பட்டப்படிப்பில் இரண்டு வழி உண்டு. ஒன்று, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பி.டெக். வேளாண் பொறியியல். கோவையிலும் திருச்சி பக்கம் குமுளூரிலும் அதன் பொறியியல் கல்லூரிகள் உள்ளன, சேர்க்கையைப் பல்கலைக்கழகமே நடத்துகிறது. மற்றொன்று, அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் பி.இ. வேளாண் பொறியியல், இது பொறியியல் கலந்தாய்வு வழியாக. பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்தால் இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். வேளாண்மைப் பொறியியல் துறையில் உதவிப் பொறியாளர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு, வங்கிகளில் வேளாண் கள அலுவலர் பணிக்கு ஐ.பி.பி.எஸ். தேர்வு. இரண்டுக்கும் போட்டி கடுமை. அரசு வேலை மட்டுமே குறி என்றால் நான்கு வருடத்தோடு தேர்வுக்குப் படிக்கும் காலத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சொட்டுநீரில் பொருத்தும் வேலைக்கு ஐடிஐ போதும், வடிவமைப்பு வேலைக்கு டிப்ளமோவாவது வேண்டும். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் இருப்பதால் வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் வேலை தெரிந்தவர் குறைவு, குறிப்பாகச் சரிவு நிலத்தில். 10 மீட்டர் இறக்கத்துக்கு (சதுர சென்டிமீட்டருக்கு) 1 கிலோ அழுத்தம் கூடும். மேல் வரிசையில் 1 கிலோ அழுத்தத்தில் மணிக்கு 4 லிட்டர் விடும் சாதாரண டிரிப்பர், 10 மீட்டர் கீழே உள்ள வரிசையில் 2 கிலோ அழுத்தத்தில் சுமார் 5.7 லிட்டர் விடும். மேல் செடி வாட, கீழ்ச் செடிக்கு வேர் அழுகும். பக்கக் குழாய்களைச் சரிவுக்குக் குறுக்கே, சம உயரக் கோட்டில் ஓட்ட வேண்டும். அல்லது அழுத்தம் மாறினாலும் ஒரே அளவு விடும் டிரிப்பரைப் போட வேண்டும். உச்சியில் தொட்டி கட்டி 40 மீட்டர் கீழே தண்ணீர் இறக்கினால் வால்வை மூடியதும் அடியில் 4 கிலோ நிற்கும். அங்கே விலை மலிவு என்று 2.5 கிலோ குழாய் போட்டால் வெடிக்கும். 6 கிலோ குழாய் போடுங்கள், அல்லது நடுவழியில் ஒரு இடைத்தொட்டி கட்டி அழுத்தத்தை உடையுங்கள். இந்தக் கணக்குக்குப் பெருக்கலும் வர்க்கமூலமும் போதும், தம்பி பயப்பட வேண்டாம்.

ஓமலூர் பட்டறை

டிரோன் பத்தியும் அடுத்து கேப்பீங்க. ரிமோட் பைலட் சான்றிதழுக்குப் பத்தாவது பாஸ் போதும், ஆனா 18 வயசு ஆகணும். ஆத்தூர், தலைவாசல் பக்கம் மக்காச்சோளத்துக்கு டிரோன் நல்லா எடுபடும். காபித் தோட்டத்துல நிழல் மரத்து இலையே மருந்தை வாங்கிக்கும், செடிக்கு இறங்காது. அதனால இப்போதைக்கு அது வேண்டாம், ரெண்டு வருஷம் கழிச்சுப் பாருங்க.

ஐடிஐ முடிச்சதும் அப்ரன்டிஸ் கட்டாயம் போகட்டும், டிராக்டர் டீலர் சர்வீஸ் சென்டர்லயே கிடைக்கும். உதவித்தொகையும் வரும், முடிச்சதும் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழும் வரும். அதுக்கப்புறம் இன்னும் கத்துக்கணும்னா ஆந்திராவுல அனந்தபூர் பக்கம் கார்லதின்னேயில மத்திய அரசோட பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் இருக்கு. அங்க குறுகிய காலப் பயிற்சிங்க நடக்குது. இந்த வாரமே சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் வேளாண்மைப் பொறியியல் துறை ஆபீசுக்கும் தம்பியைக் கூட்டிக்கிட்டுப் போய் இளைஞர் பயிற்சி எப்ப ஆரம்பிக்குதுன்னு கேளுங்க. ஐடிஐ கலந்தாய்வுக்கு மார்க் ஷீட், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் நாலையும் இப்பவே எடுத்து வச்சுடுங்க.