இயற்கை அதிர்வெண்ணா, தன்னதிர்வெண்ணா? புறச்செவிக்குழலை முன்வைத்து

நண்பர்களுக்கு வணக்கம்.

விசைத்தறித் தொழிலாளர்களுக்காக நாம் எழுதிவரும் காது பாதுகாப்புக் கையேட்டில் காதுக்குழலின் பெயரும், ஆங்கிலத்தில் resonance, natural frequency எனப்படுபவற்றுக்கான தமிழ்ச் சொற்களும் இன்னும் முடிவாகாமல் நிற்கின்றன. சேலத்தில் நாள்தோறும் காது பரிசோதனை செய்பவன் என்ற முறையில், அந்தச் சொற்கள் நோயாளியின் முன்னால் எப்படி ஒலிக்கின்றன என்பதை வைத்து என் கருத்தைச் சொல்கிறேன்.

முதலில் உறுப்பின் பெயர். 'செவிக்குழல்' என்று மட்டும் எழுதினால் போதாது. ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது நமக்குக் காது அடைக்கிறது. எச்சில் விழுங்கியதும் திறந்துகொள்கிறது. அங்கே வேலை செய்வது நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் வேறொரு குழல். நாம் பேசுவது காது மடலிலிருந்து செவிப்பறை வரை செல்லும் குழலைப் பற்றி. ஆகவே 'புறச்செவிக்குழல்' என்றே எழுதுவோம்.

இந்தக் குழல் பெரியவர்களுக்கு ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளமுடையது. ஒரு முனை திறந்திருக்க, மறுமுனையைச் செவிப்பறை மூடியிருக்கிறது. உள்ளிருக்கும் காற்று உடல் சூட்டை ஒட்டியிருப்பதால், அதில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர். அலைநீளத்தில் கால் பங்கு குழலின் நீளத்துக்குச் சமமாகும்போது உள்ளிருக்கும் காற்று மிக வலுவாக அதிரும். கணக்கிட்டால் 3500 ஹெர்ட்ஸ் வருகிறது. அளந்து பார்த்தால் உச்சம் 3000 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழேகூட இறங்குகிறது. குழலின் வாய் மடலின் குழிவோடு சேர்ந்திருப்பதால், ஒலிக்கு அது சற்று நீண்ட குழலாகவே தெரிகிறது. நான் மாணவர்களுக்கு இதைப் பேனா மூடியைக் கொண்டு காட்டுவேன். ஐந்து சென்டிமீட்டர் மூடியின் வாய்விளிம்பில் ஊதினால் ஒரு சீழ்க்கை எழும். பாதிவரை நீர் ஊற்றி மறுபடி ஊதினால் சீழ்க்கை கீச்சென்று ஏறத்தாழ இரு மடங்கு அதிர்வெண்ணுக்குத் தாவும். அந்தக் கீச்சொலிதான் நம் காதுக்குழலின் சுரத்தை ஒட்டியது.

குழலுக்குப் பொருந்திய ஒலி வரும்போது உள்ளிருக்கும் காற்று வலுவாக அதிரும் இந்த நிகழ்வுக்கு (resonance) என்ன பெயர்? 'அனுநாதம்' என்று ஒரு நண்பர் முன்மொழிந்தார். நாதம் ஒலிக்கு மட்டுமே உரியது. ஊஞ்சலிலும் வானொலியின் மின்சுற்றிலும் இதே நிகழ்வு உண்டு என்பதால் அது பொருந்தவில்லை. இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் 'பரிவு' எனக்கு மிகவும் பிடித்த சொல். ஒன்றின் அதிர்வுக்கு இன்னொன்று மனமிரங்குவதுபோல் அதிர்கிறது என்னும் உணர்வு அதில் இருக்கிறது. ஆனால் மருத்துவமனை அறிக்கையில் 'நோயாளியின் செவியில் பரிவு குறைந்துள்ளது' என்று எழுதினால் யாரும் வேறு பொருளில்தான் படிப்பார்கள். எனவே நம் பள்ளிப் பிள்ளைகள் படித்துவரும் 'ஒத்ததிர்வு' இருக்கட்டும். 'ஒத்தவதிர்வு' என்றுதானே புணர வேண்டும் என்ற தமிழாசிரியர் ஐயாவின் மறுப்பு நியாயமானது. எனினும் அகரம் தொக்க வடிவமே வழக்கில் ஊன்றிவிட்டது; அதை இனி அசைக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

உண்மையான சிக்கல் அடுத்த சொல்லில்தான். ஒரு பொருளைத் தட்டிவிட்டுத் தன்போக்கில் விட்டால் அது நொடிக்கு அதிரும் எண்ணிக்கையை (natural frequency) 'இயற்கை அதிர்வெண்' என்றும் 'இயல்பு அதிர்வெண்' என்றும் எழுதிவருகிறோம். இரும்புக் குழாய்க்கும் அது உண்டு. அதில் இயற்கை எங்கே வந்தது? 'இயல்பு' என்பதோ எங்கள் துறையில் வேறு வேலையில் இருக்கிறது. 'இயல்பான செவித்திறன்' என்றால் குறையில்லாத செவித்திறன். பிறந்த குழந்தையின் குழல் மிகச் சிறியது என்பதால் அதன் உச்சம் 6000 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். குழல் வளர வளர அது இறங்கி வரும். 'குழந்தையின் இயல்பு அதிர்வெண் மாறுகிறது' என்று எழுதிக் கொடுத்தால் தாய் பதறிப்போவாள். காது மெஷினுக்காகக் காதின் அளவுக்கு வார்த்த அச்சை உள்ளே வைத்து அடைத்தாலும் இந்த உச்சம் போய்விடுகிறது. கருவியைச் சரிசெய்யும்போது அந்த இழப்பை ஈடுகட்டுவது எங்கள் அன்றாட வேலை.

ஆகவே 'தன்னதிர்வெண்' என்பதை முன்வைக்கிறேன். 'தன்மின்தூண்டல்' ஏற்கெனவே நம் பாடநூலில் இருப்பதால் இந்த முன்னொட்டு புதிதன்று. தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வர இரட்டித்திருக்கிறது, புணர்ச்சியிலும் குறையில்லை. அந்தக் குழலுக்கு, அந்த நேரத்தில், அதன் நீளத்தால் அமைந்த எண் என்ற பொருள் நேராகக் கிடைக்கிறது.

இதற்கு இணையாக 'ஒத்ததிர்வெண்' என்ற சொல்லும் வேண்டும். செவிப்பறை ஒலியாற்றலில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்வதால் குழலின் அதிர்வு தணிக்கப்படுகிறது. அப்படித் தணிப்புள்ள அமைப்பில் வீச்சு உச்சமடையும் எண்ணாகிய ஒத்ததிர்வெண்ணும் தன்னதிர்வெண்ணும் அப்படியே ஒன்றாவதில்லை. 'ஒத்ததிர்வு அதிர்வெண்' என்று அதிர்வை இருமுறை சொல்வதைவிட இது சுருக்கம். 'ஒரே அதிர்வெண்' என்று யாரேனும் கொள்வார்களோ என்ற ஐயத்துக்கு, அந்தப் பொருளுக்குச் 'சம அதிர்வெண்' உண்டு என்பதே என் விடை.

கையேட்டுக்கு இந்த நுணுக்கம் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். அம்மாபேட்டைப் பக்கமிருந்து வந்த ஒரு தறிக்காரப் பெரியவர், "சத்தமெல்லாம் நல்லாக் கேக்குதுங்க, சொல்றதுதான் வெளங்க மாட்டேங்குது" என்றார். அவருடைய செவித்திறன் வரைபடமான ஆடியோகிராமில் கோடு 4000 ஹெர்ட்ஸில் பள்ளமாக இறங்கியிருந்தது. இரைச்சலால் கெட்ட காதுகளில் பள்ளம் பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது. அதற்கு ஒரு காரணம் இந்தக் குழல்தான். 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியை அது 10 டெசிபலுக்கு மேல், அதாவது அழுத்தத்தில் மூன்று மடங்குக்கு மேல், கூட்டி உள்ளே அனுப்புகிறது; காயமோ அதற்கு அரை எண்மம் மேலே, அதாவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம், ஏற்படுகிறது (அதிர்வெண் இரு மடங்காகும் இடைவெளியே ஓர் எண்மம்). தறியின் எல்லா ஓசையும் காதுக்குள் ஒரே அளவில் போவதில்லை என்பதைத் தொழிலாளிக்குச் சொல்ல, குழலுக்கென ஓர் எண் உண்டு என்று முதலில் சொல்லியாக வேண்டும்.

தேர்வு எழுதும் மாணவர்கள் தடுமாறாமலிருக்க, முதல் இடத்தில் மட்டும் 'இயல்பு அதிர்வெண் எனப்படும் தன்னதிர்வெண்' என்று எழுதிவிட்டு, பிறகு புதிய சொல்லையே ஆளலாம். மறுப்பு இருந்தால் மூன்றாம் இயல் அச்சுக்குப் போகுமுன் தெரிவியுங்கள்.