புதுப்பிப்பு: நங்கூரத்தில் கிடக்கும் பாய்ப்படகுக்கு சோலார் வாங்கியாச்சு

தொண்டிக்கு வெளியே இரண்டு ராத்திரி நங்கூரம் போட்டுக் கிடக்க, எல்லாம் ஒன்றாக வரும் பவர் ஸ்டேஷன் பெட்டி நல்லதா, பேனலும் பேட்டரியும் தனித்தனியாக வாங்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். தனித்தனியாகவே வாங்கினேன். உப்புக்காற்றில் ஒன்று போனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் 100 வாட் பேனல் ஒன்றைக் கட்டினேன். உச்சி வெயிலில் 5 ஆம்பியர் காட்டிய மீட்டர், கச்சான் காற்றில் படகு திரும்பிப் பாய்மர நிழல் ஓரத்தில் விழுந்ததுமே 1-க்குக் கீழே இறங்கிவிட்டது. செல்களை வரிசையாகக் கோத்திருப்பதால் கொஞ்ச நிழலே மொத்த ஓட்டத்தையும் மறிக்கிறது. "ரெண்டு சின்னதாப் போடுங்க தம்பி" என்று இங்கே சொன்ன அண்ணனுக்கு நன்றி. 50 வாட் பேனல் இரண்டை, பக்கத்துக்கு ஒன்றாக வைத்து இணையாக இணைத்துவிட்டேன். ஒன்றில் நிழல் விழுந்தாலும் மற்றது சார்ஜ் ஏற்றுகிறது.

பேட்டரி 12.8 வோல்ட், 40 ஆம்பியர் ஹவர், லித்தியம் அயர்ன் பாஸ்பேட். அதாவது 512 வாட் ஹவர். நங்கூர விளக்கு 3 வாட் எல்இடி. 12 மணி நேரம் எரிந்தாலும் 36 வாட் ஹவர்தான். விஎச்எஃப் (படகு ரேடியோ), ஜிபிஎஸ், இரண்டு போன் போக, விடியும்போது பாதிக்கு மேல் மிச்சம்.

சாயங்காலம் பேனலில் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். வாடை மேகத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.