குழியில் விழுந்த மாட்டை மீட்க ஊர்ப் பையன்களுக்குப் பயிற்சி: என்ன சொல்லிக்கொடுப்பது?

கட்டபெட்டுக்காரன்:
வணக்கம். கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊரில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி மூடாத செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி நிறைய. மாடு விழுந்தால் தீயணைப்பு வண்டி மேலே ஏறி வருவதற்குள் பையன்கள் கயிற்றோடு இறங்கிவிடுகிறார்கள். ஒருநாள் பயிற்சி வைக்கப்போகிறோம். எதைச் சொல்லிக்கொடுக்கலாம், என்ன வாங்கி வைக்கலாம்? காட்டுமாடு விழுந்தாலும் இதே முறைதானா?

தீயணைப்பு ஹோஸ்:
முதல் பாடம், இறங்காமல் நிற்பது. செப்டிக் டேங்கில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். அது மூக்கை மரக்கடித்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று இறங்குபவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். முகத்தில் ஈரத்துணி கட்டினால் இந்த வாயு நிற்காது. காற்று சிலிண்டர் மாட்டிய வீரர் தவிர வேறு யாரும் உள்ளே போகவே கூடாது. 112-க்குச் சொல்லும்போதே குழியின் ஆழம், வண்டி எதுவரை வரும் என்பதையும் சொல்லிவிடுங்கள். கட்டளை ஒருவர்தான் கொடுக்க வேண்டும். "நிறுத்து" என்று மட்டும் யாரும் கத்தலாம்.

மெல்லிய கயிறு தோலை அறுக்கும். 10 செ.மீ. அகலத்துக்குக் குறையாத பெல்ட், 6 மீட்டர் நீளத்தில் மூன்று வாங்குங்கள். கழித்துப்போட்ட ஹோஸ் (தீயணைப்பு வண்டித் தண்ணீர்க் குழாய்) மாட்டைத் தரையில் இழுக்க ஆகும். தூக்குவதற்கு எடை குறித்த லிஃப்டிங் பெல்ட்தான். முன்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒன்று, மடிக்கு முன்னால் ஒன்று, இரண்டும் விலகாமல் இணைக்க மூன்றாவது. வயிற்றில் ஒற்றைப் பெல்ட் போட்டால் மாடு நழுவும், மூச்சும் முட்டும். கழுத்து, கொம்பு, வால், மூக்கணாங்கயிறு, எதைப் பிடித்தும் இழுக்காதீர்கள். ஜேசிபி விளிம்பிலிருந்து குழியின் ஆழம் அளவுக்காவது தள்ளி நிற்கட்டும். மழைக்காலத்தில் நம் மண் சொல்லாமல் சரியும்.

மாட்டு டாக்டர்:
படுத்த மாட்டை எப்போதும் முதுகுப் பக்கமாகவே அணுக வேண்டும். பின்காலை முன்னால் கொண்டுவந்து பக்கவாட்டில் வீசும், பக்கத்தில் நிற்பவருக்குத்தான் அடி. பக்கவாட்டில் சரிந்தே கிடந்தால் ஏப்பம் வெளியேறாமல் வயிறு உப்பிச் செத்துவிடும். நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி வைக்கோல் மூட்டையை முட்டுக்கொடுங்கள். மேலே வந்ததும் உடனே அடித்து எழுப்பாதீர்கள், பாவம். சாக்கால் தேய்த்துக் காயவையுங்கள், இந்தக் குளிரே கொன்றுவிடும். வாயில் எண்ணெயோ தண்ணீரோ ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கும் அழையுங்கள்.

பழகுவதற்கு உயிருள்ள மாடு வேண்டாம். 200 லிட்டர் டிரம் இரண்டைச் சேர்த்துக் கட்டித் தண்ணீர் நிரப்புங்கள். கலப்பினப் பசுவின் எடை, சுமார் 400 கிலோ, வந்துவிடும்.

சோலைக்காடு:
காட்டுமாடு கதையே வேறு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணை விலங்கு, அதாவது மிக உயர்ந்த பாதுகாப்பு உள்ளது. வனத்துறைதான் கையாள வேண்டும். பெரிய ஆண் 800 கிலோவைத் தாண்டும், பெல்ட் பேச்சே கிடையாது. ஒரு பக்கக் கரையை வெட்டிச் சாய்வு போடுவார்கள்: 1 அடி உயரத்துக்கு 2 அடி நீளம், குளம்பு வழுக்காமல் மண்மூட்டை. அது ஏறி ஓடும் வழியில் ஆள், வண்டி, செல்போன் வெளிச்சம் எதுவும் இருக்கக் கூடாது. மயக்க ஊசி போடுவதை வனத்துறை மருத்துவர் முடிவுசெய்வார். தண்ணீரில் நிற்கும்போது மயங்கினால் மூழ்கிவிடும். உங்கள் பையன்கள் கூட்டத்தையும் நாய்களையும் தள்ளி வைத்தாலே பெரிய உதவி.

கட்டபெட்டுக்காரன்:
ரொம்ப நன்றி. படுத்த மாட்டுக்கு அடியில் கையை விடாமல் பெல்ட்டை நுழைப்பது எப்படி சார்?

தீயணைப்பு ஹோஸ்:
இரும்புக் குழாயை வளைத்து, நுனியை மழுக்கி, மெல்லிய கயிறு கட்டுங்கள். முதுகுப் பக்கமிருந்து, முன்கால் முட்டிக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் தள்ளுங்கள். அந்தப் பக்கம் வரும் நுனியை நீளமான கொக்கிக் கம்பால் பிடித்து, கயிற்றின் மறுமுனையில் பெல்ட்டைக் கட்டி, ரம்பம் இழுப்பதுபோல் முன்னும் பின்னும் அசைத்து இழுத்தால் வந்துவிடும். டிரம்மில் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகுங்கள். இரவில் மூடுபனியில் அப்படித்தான் செய்ய வேண்டிவரும்.