பல்கலைக்கழகக் கட்டடங்களில் ஒப்பந்தப் பணியாளர்களின் பாதுகாப்பு: மாடிச் சாவியை யார் கொடுக்க வேண்டும்?

கேள்வி: பராமரிப்புப் பொறியாளர்

வணக்கம். ஒரு பல்கலைக்கழகத்தின் கட்டடப் பராமரிப்புப் பிரிவில், வெளியிலிருந்து வேலைக்கு வரும் ஒப்பந்ததாரர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்து சேர்ந்தது. எனக்கு முன்பிருந்தவர் கோப்புகளை ஒழுங்காகவே வைத்திருந்தார். உரிமம், காப்பீடு, பயிற்சிச் சான்றிதழ், ஆபத்து மதிப்பீடு என ஒவ்வொருவருக்கும் எல்லாம் இருக்கின்றன. (ஒரு மதிப்பீட்டில் எங்கள் கட்டடத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு கிடங்கின் பெயர் இருந்தது. இரண்டு ஆண்டுகளாக அதை யாரும் படித்துப் பார்க்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.)

சென்ற மாதம் வேதியியல் கட்டடத்தின் மொட்டை மாடியில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சுக்காக இருவர் வந்தனர். காவலர் பணி ஆணையைப் பார்த்துவிட்டு மாடிச் சாவியைக் கொடுத்தார். அவரைக் குறைசொல்ல முடியாது, அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது அவ்வளவுதான். மாடியில் இடுப்பு உயரத்துக்கு நின்ற ஒரு குழாயின் ஓரமாக வாளியை வைத்துவிட்டு அவர்கள் ரோலரால் பூசிக்கொண்டிருந்த நேரத்தில், இரண்டு தளங்களுக்குக் கீழே ஓர் ஆய்வு மாணவர் புகை உறிஞ்சும் பெட்டிக்குள், அதாவது ஃபியூம் ஹூடுக்குள், அமிலத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். அந்த ஹூடின் வாய்தான் அந்தக் குழாய். கண்ணெரிச்சலோடும் அடங்காத இருமலோடும் இருவரும் இறங்கி வந்தனர். நல்லவேளையாக மறுநாளே தேறிவிட்டனர். அந்தக் குழாய் எதற்கென்று மேலே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. மேலே ஆள் இருப்பது கீழே இருந்தவருக்கும் தெரியவில்லை.

என் ஐயங்கள் இவை. இதில் பொறுப்பு பராமரிப்புப் பிரிவுடையதா, துறையுடையதா, ஒப்பந்ததாரருடையதா? எந்தெந்த வேலைகளுக்குப் பணி அனுமதிச் சீட்டு கட்டாயமாக வேண்டும்? ஒரு விளக்கை மாற்றுவதற்குக்கூடப் பெர்மிட் கேட்டால் வேலை நடக்காது, எதற்கும் கேட்காவிட்டால் இப்படி ஆகிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: ஆய்வக மேலாளர்

உங்கள் கோப்பில் இருப்பவை அனைத்தும் ஒப்பந்ததாரர் உங்களுக்குக் கொடுத்த தாள்கள். நீங்கள் அவருக்குக் கொடுத்த தாள் ஒன்றாவது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பூச்சு வேலையின் ஆபத்து அவருக்குத் தெரியும். கட்டடத்தின் ஆபத்து அவருக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். பராமரிப்புப் பிரிவுக்கும் அது முழுமையாகத் தெரியாது என்பதால், ஆய்வகத்தை நடத்துகிற எங்களைப் போன்றவர்களிடம் கேட்டுத்தான் சொல்ல முடியும்.

ஆய்வகக் கட்டடங்களில் கண்ணுக்குத் தெரியாதவையே கொல்லக்கூடியவை. திரவ நைட்ரஜனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகிறது. காற்றில் இயல்பாக 20.9 விழுக்காடு இருக்கும் ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினாலே அந்த இடத்தை ஆபத்தானதாகக் கொள்வது வழக்கம். நைட்ரஜனுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, மூச்சுத் திணறும் உணர்வும் வராது. குளிர்சாதனத்தைப் பழுதுபார்க்க வந்தவர் திரவ நைட்ரஜன் இருக்கும் அறையின் காற்றோட்டத்தை அரைமணி நேரம் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அவர் ஊகித்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. விழுந்தவரைத் தூக்க ஓடுகிறவரும் அதே அறையில் விழுவார்.

என்எம்ஆர் கருவி, அதாவது வலிமையான காந்தத்தைக் கொண்டு மூலக்கூறுகளின் அமைப்பை ஆராயும் கருவி, இருக்கும் அறையும் அப்படித்தான். அதன் மீக்கடத்திக் காந்தம் இரவிலும் விடுமுறையிலும் வேலை செய்துகொண்டே இருக்கும். அறையில் விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்து, எல்லாம் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று நினைத்து இரும்பு ஏணியோடு நுழைபவர் உண்டு. இன்னொன்றையும் பலர் அறியமாட்டார்கள். பெர்குளோரிக் அமிலத்தைச் சூடாக்கிப் பயன்படுத்திய ஹூடின் டக்டுக்குள், அதாவது புகையை வெளியேற்றும் குழாய்க்குள், பெர்குளோரேட் உப்புகள் படிந்திருக்கலாம், அவை அடி பட்டால் வெடிக்கக்கூடியவை. அப்படிப்பட்ட டக்டைக் கழுவித் தூய்மையாக்காமல் ஒருவர் சுத்தியலால் தட்டிக் கழற்றக் கூடாது. பத்து ஆண்டுகளுக்கு முன் அந்த ஹூடில் என்ன செய்தார்கள் என்பதை அறிந்த பேராசிரியர் ஓய்வுபெற்றுப் போயிருப்பார், பதிவேடு இல்லையென்றால் அந்த அறிவும் அவரோடு போய்விடும். பழைய கட்டடங்களில் குழாய் உறையிலும் தரை ஓடுகளிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கிறதா என்பதற்கும் இதே கதிதான். பரிசோதித்து இல்லை என்று தெரியும்வரை இருப்பதாகவே கொண்டு, துளையிட அனுமதி மறுப்பது நல்லது.

உங்கள் மொட்டை மாடிக்கு நான் செய்யக்கூடியது இதுதான். வேலை நாளுக்கு இரண்டு நாள் முன்பே துறைக்குத் தகவல் வர வேண்டும். அந்த ஹூடுகளில் சோதனையை நிறுத்துவோம். பிறகு அவற்றின் புகையை உறிஞ்சும் விசிறியின் மின்னிணைப்பைத் துண்டித்து, சுவிட்சில் பூட்டுப் போட்டு, யார் எதற்காகப் பூட்டினார் என்ற அட்டையைத் தொங்கவிட வேண்டும். இந்த வரிசை முக்கியம், ஏனெனில் சோதனை நடக்கும்போது விசிறியை நிறுத்தினால் புகை கீழே இருக்கிறவர் முகத்துக்கே திரும்பும். பூட்டின் சாவி மாடியில் வேலை செய்கிறவரின் சட்டைப்பையில் இருக்க வேண்டும். அவர் இறங்கி வந்து திறக்கும்வரை, துறைத்தலைவரே கேட்டாலும் விசிறி ஓடக் கூடாது, ஹூடில் சோதனையும் தொடங்கக் கூடாது.

மறுமொழி: ஒப்பந்தப் பணி மேற்பார்வையாளர்

நான் மேசையின் மறுபக்கத்தில் இருப்பவன், ஆகவே சில கசப்புகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெர்மிட் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் காலை எட்டு மணிக்கு ஆட்களோடு வந்து நிற்கிறேன், கையெழுத்திட வேண்டியவர் வகுப்பில் இருக்கிறார், பதினொரு மணிக்கு வருகிறார். மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். மூன்று மணி நேரத்தை எங்கிருந்து மீட்பது? பாதுகாப்பிலிருந்துதான் மீட்கப்படுகிறது, அதை நானே செய்திருக்கிறேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். கையெழுத்திடுபவருக்கு மாற்றாக ஒருவரை எழுத்தில் நியமித்து வையுங்கள்.

டெண்டரில் சாரம், பாதுகாப்பு பெல்ட், தீக்காவலுக்கு ஓர் ஆள் ஆகியவற்றைத் தனி வரிகளாகக் காட்டுங்கள். மொத்தத் தொகைக்குள் அடக்கிவிட்டால் குறைந்த விலை கேட்பவர் எதை விட்டுவிட்டுக் குறைத்தார் என்று உங்களுக்கே தெரியாது. விடுமுறையில் எல்லாத் துறைகளின் வேலையையும் ஒரே நேரத்தில் கொடுப்பதையும் சற்று மறுபரிசீலனை செய்யுங்கள். மாணவர் இல்லாதது வசதிதான், ஆனால் அதே தாழ்வாரத்தில் வெல்டரும் பெயின்டரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள், ஒருவரின் பொறி மற்றவரின் தின்னருக்கு எட்டும் தூரத்தில்.

அறிமுகப் பயிற்சி பற்றியும் ஒன்று. முதல் நாள் பயிற்சிக்கு வந்தவர்கள் மூன்றாம் நாள் இருக்கமாட்டார்கள். துணை ஒப்பந்ததாரர் வேறு ஆட்களை அனுப்பியிருப்பார். அரங்கில் ஒரு மணி நேரம் படம் காட்டுவதைவிட, தினமும் வேலை தொடங்கும் இடத்திலேயே மேஸ்திரி பத்து நிமிடம், ஆட்களுக்குப் புரியும் மொழியில், "இந்தக் குழாய் பக்கம் போகாதே, அலாரம் அடித்தால் இந்தப் படி வழியாக இறங்கு" என்று விரலால் காட்டிச் சொல்வது பயன் தரும். ஐயம் வந்தால் வேலையை நிறுத்தலாம் என்று எல்லாரும் எழுதிவைக்கிறார்கள். நிறுத்தினால் அன்றைய கூலி போகாது என்று எழுதியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

மறுமொழி: பாதுகாப்பு அலுவலர்

பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு: மூவருடையதும்தான், ஆனால் ஒருவரின் பங்கை மற்றவர் மீது தள்ள முடியாது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆம் எண் உடன்படிக்கையின் 17ஆம் பிரிவு, ஒரே பணியிடத்தில் இரண்டோ அதற்கு மேலோ நிறுவனங்கள் ஒரே நேரத்தில் இயங்கினால் அவை ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. பணியிடப் பாதுகாப்பு மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 45001 (2018) அதை மூன்று திசைகளாகப் பிரிக்கிறது: ஒப்பந்ததாரரின் வேலையால் நமக்கு வரும் ஆபத்து, நமது வேலையால் அவருடைய ஆட்களுக்கு வரும் ஆபத்து, அவருடைய வேலையால் அங்கிருக்கும் மற்றவர்களுக்கு வரும் ஆபத்து. பல்கலைக்கழகங்கள் பொதுவாக முதலாவதை மட்டுமே தாளில் கேட்கின்றன. உங்கள் மாடியில் நடந்தது இரண்டாவது. மூன்றாவது, நம் வளாகத்தைப் பொறுத்தவரை, மாணவர்கள்.

பெர்மிட்டை வேலையின் அளவைப் பார்த்துக் கொடுக்காதீர்கள், அது தொடும் ஆபத்தைப் பார்த்துக் கொடுங்கள். வகுப்பறையில் விளக்கு மாற்றப் பெர்மிட் வேண்டாம், எளிய பதிவும் நல்ல ஏணியும் போதும். அதே விளக்கு கதிரியக்கப் பொருள் இருக்கும் அறையில் இருந்தால் வேண்டும். மாடி, மூடிய தொட்டிகளும் மேன்ஹோல்களும், உயரழுத்த மின்சாரம், ஆய்வக டக்டுகள், வாயுக் குழாய்கள், நெருப்புப் பொறி வரும் வேலை ஆகியவற்றுக்குச் சீட்டு இல்லாமல் யாரும் போகக் கூடாது.

நெருப்பு வேலையில் மட்டும் எனக்குப் பிடிவாதம் அதிகம். வெல்டிங், கிரைண்டிங் செய்யும் இடத்திலிருந்து எல்லாத் திசையிலும் 11 மீட்டர் தூரம்வரை எரியக்கூடியவற்றை அகற்றுவதும், வேலை முடிந்த பின்னும் ஒருவர் காவல் இருப்பதும் அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கமான என்எஃப்பிஏவின் 51பி தரநிலையின் விதிகள். அந்தக் காவல் நேரத்தை 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் 30 நிமிடத்திலிருந்து 60 நிமிடமாக உயர்த்தினார்கள். சுவருக்குள் விழுந்த பொறி ஆட்கள் வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் புகையத் தொடங்கும். தூசியால் பொய் அலாரம் அடிக்காதிருக்கப் புகை உணரியை மூடுவார்கள், மாலையில் அதைத் திறக்க மறந்துவிடுவார்கள். ஆகவே சீட்டை முடிக்கும் கட்டத்தில் "உணரி திரும்ப இயக்கப்பட்டது" என்ற வரிக்குத் தனிக் கையெழுத்து வையுங்கள். கிளாஸ்கோ கலைப் பள்ளியின் புகழ்பெற்ற மெக்கின்டாஷ் கட்டடம் 2014இல் ஒருமுறை எரிந்து, மறுசீரமைப்பு நடந்துகொண்டிருந்த 2018 ஜூனில் மீண்டும் எரிந்தது. இரண்டாம் தீக்கான காரணத்தை விசாரணையால் உறுதிசெய்ய முடியவில்லை. அழிவு அவ்வளவு பெரிது. ஒப்பந்தப் பணி நடக்கும் கட்டடம் எவ்வளவு பலவீனமான நிலையில் இருக்கிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன், எவரையும் குற்றஞ்சாட்ட அல்ல.

மறுமொழி: பராமரிப்புப் பொறியாளர் (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு வாரத்தில் செய்ய முடிந்ததைச் சொல்கிறேன். மாடிச் சாவிகள் எல்லாவற்றையும் காவலறையிலிருந்து எடுத்து, எங்கள் அலுவலகத்தில் பூட்டிய பெட்டிக்குள் வைத்துவிட்டோம். துறையும் நாங்களும் கையெழுத்திட்ட சீட்டைக் கொடுத்தால்தான் சாவி கிடைக்கும், சாவி திரும்பினால்தான் சீட்டு முடியும். ஒவ்வொரு புகைக் குழாயிலும் அது எந்த அறையின் ஹூடிலிருந்து வருகிறது, யாரை அழைக்க வேண்டும் என்று பெயின்டால் எழுதச் சொல்லியிருக்கிறேன். எண்ணிப் பார்த்ததில் வேதியியல் கட்டடத்தில் மட்டும் 31 குழாய்கள். அவற்றில் நான்கு எங்கிருந்து வருகின்றன என்று இதுவரை யாராலும் சொல்ல முடியவில்லை.

ஒரு பேராசிரியர், இரண்டு நாள் சோதனையை நிறுத்தினால் ஆய்வு பாதிக்கும் என்று மறுத்தார். கண்ணெரிச்சலோடு இறங்கி வந்த இருவரில் இளையவர் அவருடைய மாணவரின் வயதுடையவர் என்று சொன்னேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை, தேதியை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். மேற்பார்வையாளர் ஐயா கேட்ட மாற்றுக் கையெழுத்தாளர் நியமனம் கோப்பில் போயிருக்கிறது. நிறுத்திய நேரத்துக்கான கூலி பற்றிய பிரிவு நிதிப் பிரிவில் நிற்கிறது. அந்த நான்கு குழாய்களின் மூலம் தெரியும்வரை அந்தப் பகுதி மாடியில் பூச்சு வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன்.